வயலின் ஓரம்: இரக்கம் சட்டமாகும்போது



இந்த வாரத் தியானப் பகுதிகள்: லேவியராகமம் 19:9-14, ரூத் 2, லூக்கா 14:12-14.

அறுவடைக்காலத்தில் நிலத்தின் சொந்தக்காரன் என்ன செய்யவேண்டும் என்று கட்டளையிடுகிற நியாயப்பிரமாணம், அவனுடைய மனநிலையைக்குறித்து ஒன்றும் கேட்பதில்லை. அவன் உருகவேண்டும் என்றோ கண்ணீர் விடவேண்டும் என்றோ அது எதிர்பார்க்கவில்லை. வயலின் ஓரங்களை அறுக்காமல் விட்டுவிடு. கீழே விழுந்த கதிர்களைத் திரும்பப் பொறுக்காதே. அவை எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியவை என்று மட்டும் சொல்லுகிறது. ஆகவே பசித்தவன் சொந்தக்காரனுடைய வாசலில் நின்று கெஞ்சவேண்டிய அவசியமில்லை. வயலுக்கு நேரே போய்த் தனக்குரியதை எடுத்துக்கொள்ளலாம். அதே அதிகாரத்தில் சில வசனங்கள் கடந்து, செவிடரைத் தூஷிக்கலாகாது, பார்வையற்றவருடைய வழியில் இடறலை வைக்கலாகாது என்ற கட்டளைகளும் வருகின்றன. எளியவன், பரதேசி, செவிகேளாதவன், பார்வையற்றவன் ஆகிய எல்லாரும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

இரக்கத்தை உள்ளத்தில் எழும் ஓர் உணர்வாகவே நாம் பெரும்பாலும் பிரசங்கித்து வருகிறோம். வேதம் அதைச் சட்டமாகவும் எழுதிவைத்திருக்கிறது. இந்த உண்மையைச் சற்று ஆழ்ந்து சிந்திக்க, நம் காலத்துச் சட்டமியற்றுநர் ஒருவரின் பணியை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். அவர் நம் நாட்டவர் அல்லர். பரிசுத்தவான் என்று யாரும் அவரைப் பட்டியலிடவும் இல்லை. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் டோல் என்பவரே அவர். பாப் டோல் என்று அறியப்பட்ட இவர் 1961 முதல் 1969 வரை பிரதிநிதிகள் சபையிலும், 1969 முதல் 1996 வரை செனட் சபையிலும் உறுப்பினராயிருந்தார். குடியரசுக் கட்சியின் தேசியத் தலைவராகவும், செனட்டில் அக்கட்சியின் தலைவராகவும், 1996இல் குடியரசுத்தலைவர் தேர்தலில் தோற்ற வேட்பாளராகவும் உலகம் அவரை அறியும். கூர்மையான நாவும் கட்சிப் பிடிப்பும் உடையவர். ஆனால் அவருடைய நீண்ட பொதுவாழ்வில் மூன்று பணிகள் என்னை நிறுத்திச் சிந்திக்கச் செய்கின்றன: உடற்குறை உள்ளோருக்கான உரிமை, மரிக்கிறவர்களுக்கான பராமரிப்பு, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான உணவு.

1945ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி, இத்தாலியின் மலைப்பகுதியில் நடந்த போரில், இருபத்தொரு வயதுப் படையதிகாரியாயிருந்த டோல் படுகாயமடைந்தார். வலதுதோள் சிதைந்தது; முதுகெலும்பும் பாதிக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்குமேல் மருத்துவமனைகளில் கழித்தார். வலக்கை மீண்டும் பயன்படவில்லை. இடக்கையால் எழுதக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் எங்கு சென்றாலும் வலக்கையில் ஒரு பேனாவைப் பிடித்திருப்பார். பிறர் அறியாமல் அந்தக் கையைக் குலுக்க நீட்டாதிருப்பதற்காகவே அப்படிச் செய்தார்.

அந்நாட்களில் அவர் பெற்ற இரக்கம் இரண்டு கைகளின்வழியாக வந்தது. சிக்காகோவில் ஹாம்பர் கெலிக்கியன் என்ற அறுவைமருத்துவர் இருந்தார். ஆர்மீனியர்மேல் நிகழ்ந்த படுகொலைக்குத் தப்பி, அகதியாக அமெரிக்காவுக்கு வந்தவர். டோலுக்குக் கட்டணமே வாங்காமல் அவர் அறுவைசிகிச்சை செய்தார். மருத்துவமனைச் செலவுக்காக டோலின் சொந்த ஊராகிய ரஸ்ஸலில் ஒரு சுருட்டுப் பெட்டியை வைத்தார்கள். ஊரார் தங்களால் இயன்ற சில்லறையையும் தாள்களையும் அதில் போட்டார்கள்.

அந்தப் பெட்டியை நினைக்கையில் எனக்கு நம் சபைகளின் காணிக்கைப் பைதான் நினைவுக்கு வருகிறது. யாருக்காவது நோய் என்றால் சேர்ந்து ஜெபிக்கிறோம், கூட்டமாய்க் கொடுக்கிறோம். அது நல்லது, கர்த்தர் அதைக் காண்கிறார். ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. பெட்டி வைக்க ஓர் ஊர் இல்லாதவன் என்ன செய்வான்? போர்வீரன் அல்லாத, யாரும் பெருமையாய்ப் பேசாத, பிறவியிலேயே நடக்க இயலாத ஒரு பிள்ளைக்கு யார் பெட்டி வைப்பார்கள்? மனிதர் மனம் இளகும்போது மட்டுமே கிடைக்கும் உதவி, மனம் இளகாத நாளில் கிடைக்காது. அந்த இடைவெளியை நிரப்பவே வயலின் ஓரம் சட்டமாக எழுதப்பட்டது.

டோல் செனட்டில் தமது முதல் உரையை 1969ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி நிகழ்த்தினார். தாம் காயப்பட்ட நாளின் இருபத்துநான்காம் நினைவுநாள் அது. தலைப்பு, உடற்குறையுள்ள அமெரிக்கர்களின் நிலை. அக்காலத்தில் அந்நாட்டில் பத்துலட்சம் பிள்ளைகள், உடலிலோ அறிவிலோ குறை உண்டு என்ற காரணத்தால் பொதுப்பள்ளிகளுக்கு முற்றிலும் வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். 1975இல் இயற்றப்பட்ட சட்டமே இதைத் தன் முகப்பில் பதிவுசெய்திருக்கிறது. இன்று சிறப்புக் கல்வி என்று நாம் அறிந்திருக்கும் அமைப்புக்கு அடித்தளம் அந்தச் சட்டம்தான். எந்தப் பிள்ளைக்கும் பள்ளியின் கதவை மூடலாகாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் தேவைக்கேற்பத் தனித்தனியே கல்வித்திட்டம் எழுதவேண்டும். கூடியமட்டும் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிக்கவேண்டும். பள்ளியின் முடிவு தவறு என்று கண்டால் பெற்றோர் முறையிட வழி இருக்கவேண்டும். இவையே அதன் தூண்கள்.

அந்தச் சட்டத்தை முன்னின்று நிறைவேற்றியவர் டோல் அல்லர். செனட்டில் அதை முன்வைத்தவர் ஜனநாயகக் கட்சியின் ஹாரிசன் வில்லியம்ஸ். இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லவேண்டும். இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கதவைத் திறந்த அதே வில்லியம்ஸ், பின்னர் இலஞ்ச வழக்கில் குற்றவாளி என்று 1981இல் தீர்க்கப்பட்டு, 1982இல் பதவி விலகினார். நல்ல சட்டமும் இலஞ்சம் வாங்கிய கையும் ஒரே மனிதருடையவை. பொக்கிஷம் மண்பாண்டங்களில் இருக்கிறது என்று நம்பும் நாம் இதைக் கண்டு திகைக்கவேண்டியதில்லை. இலஞ்சத்தை மன்னித்து மறக்கவும் வேண்டியதில்லை.

டோலின் பங்கு அடுத்த கட்டத்தில் வந்தது. பள்ளி திறந்தாலும் தெரு திறக்கவில்லை. பேருந்தில் ஏற முடியவில்லை. அலுவலகத்தின் படிகளைக் கடக்க முடியவில்லை. வேலைக்கு விண்ணப்பித்தால் சக்கரநாற்காலியைப் பார்த்தே மறுத்தார்கள். 1990ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி கையெழுத்தான அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் இவற்றையெல்லாம் பாகுபாடு என்று அறிவித்தது. அப்போது செனட்டில் சிறுபான்மைக் கட்சித் தலைவராயிருந்த டோல், எதிர்க்கட்சியைச் சேர்ந்த டாம் ஹார்க்கின் என்பவரோடு இணைந்து அதற்காக உழைத்தார். ஹார்க்கினின் அண்ணன் காது கேளாதவர். ஒருவருடைய கையும் மற்றவருடைய அண்ணனும் கட்சி எல்லையைத் தாண்டிப் பேசின என்று சொன்னால் மிகையாகாது.

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில், திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் சுமந்துவந்து, கூட்டத்தினிமித்தம் வாசல்வழியே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டு இயேசு அகமகிழ்ந்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் வாசலை அடைத்துக்கொண்டு நின்ற கூட்டத்தையும் கவனியுங்கள். அவர்களும் வசனம் கேட்க வந்தவர்களே, ஒருவரும் வழிவிடவில்லை. சாய்தளம் வைக்கச் சொல்லும் சட்டம் வாசலில் நிற்கும் நம்மைப் பார்த்து, வழிவிடு என்கிறது. நான்கு நண்பர்கள் இல்லாதவனும் உள்ளே வரட்டும் என்கிறது.

இரண்டாவது பணி, மரிக்கிறவர்களைக்குறித்தது.

ஹாஸ்பிஸ் என்ற இறுதிக்காலப் பராமரிப்பு, இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் 1967இல் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் இல்லத்திலிருந்து நவீன வடிவம் பெற்றது. செவிலியராகவும் மருத்துவமனைச் சமூகப்பணியாளராகவும் இருந்து, பின்பு மருத்துவம் பயின்ற விசுவாசி அவர். கெத்செமனேயில் ஆண்டவர் தம் சீஷரிடம், தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டதையே தம் பணியின் அடையாளமாக அவர் கொண்டார். சீஷரால் அந்தத் துயரத்தை நீக்க முடியாது. கூட இருக்க முடியும். அதையே ஆண்டவர் கேட்டார். குணமாக்க முடியாத நோயாளியிடம், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக் கைவிடாமல், வலியைத் தணித்து, அச்சத்தைக் கேட்டு, குடும்பத்தைத் தாங்குவதே இப்பராமரிப்பு.

அமெரிக்காவுக்குள் 1970களில் வந்த இந்த ஊழியம், நன்கொடையாலும் தொண்டர்களாலும் இயங்கியது. அதை முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடாகிய மெடிகேரில் சேர்க்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபையில் லியான் பனெட்டாவும், செனட்டில் டோலும் முன்வைத்தார்கள். டோல் அப்போது நிதிக்குழுவின் தலைவர். 1982இல் ஒரு பெரிய வரிச்சட்டத்தின் பகுதியாக அது நிறைவேறியது. விந்தை என்னவென்றால், 1965இல் மெடிகேர் பிறந்தபோது அதை எதிர்த்து வாக்களித்தவர் இதே டோல். அந்த வாக்கைப்பற்றிப் பிற்காலத்திலும் பெருமையாகவே பேசினார். ஆயினும் தாம் எதிர்த்த அந்தத் திட்டத்துக்குள்ளேயே, மரிக்கிறவனுக்கு ஒரு படுக்கை விரிக்க அவரால் முடிந்தது.

சட்டத்தின் செயல்முறையைச் சற்றுப் பாருங்கள். நோய் அதன் இயல்பான போக்கில் சென்றால் ஆறு மாதத்துக்குமேல் உயிரோடிருப்பது அரிது என்று மருத்துவர்கள் சான்றளித்தால், நோயாளி விரும்பி இப்பராமரிப்பைத் தேர்ந்துகொள்ளலாம். செவிலியர் வீட்டுக்கு வருவார். வலிக்கு மருந்து தரப்படும். ஆன்மிக ஆலோசகர் வருவார். பராமரித்துக் களைத்துப்போன குடும்பத்தாருக்குச் சில நாள் ஓய்வு கிடைக்க நோயாளியை வேறிடத்தில் வைத்துப் பார்க்கவும் வழியுண்டு. மரணத்துக்குப்பின் துக்கத்திலிருக்கும் குடும்பத்தையும் தொடர்ந்து சந்திப்பார்கள். இன்னொரு விதி என்னை மிகவும் தொட்டது. நோயாளிகளைப் பராமரிக்கும் மொத்த நேரத்தில் குறைந்தது 5 சதவீதத்துக்கு ஈடான பணியை ஊதியமில்லாத் தொண்டர்கள் செய்யவேண்டும். அன்பு நுழைவதற்குச் சட்டமே ஓர் இடத்தை ஒதுக்கிவைத்திருக்கிறது.

குறைகள் இல்லையா? உண்டு. மருத்துவமனைச் செலவு குறையும் என்ற வாதமும் இச்சட்டத்தை நிறைவேற்ற உதவியது. ஆறு மாத வரம்பினாலும் பேசத் தயங்குவதினாலும் பலர் கடைசிச் சில நாட்களில்தான் இப்பராமரிப்புக்கு வருகிறார்கள். இன்று அந்நாட்டின் ஹாஸ்பிஸ் நிறுவனங்களில் பெரும்பான்மை இலாபத்துக்காக நடப்பவை. மோசடி வழக்குகளும் நடந்திருக்கின்றன. 1975இன் கல்விச் சட்டத்திலும், கூடுதல் செலவில் மத்திய அரசு ஏற்பதாகச் சொன்ன பங்கு இன்றுவரை முழுமையாக வழங்கப்படவில்லை. வயலின் ஓரத்தைச் சட்டம் ஒதுக்கினாலும், ஓரத்தின் அகலத்தைக் குறைக்கிற கைகள் எப்போதும் உண்டு. ஆகவேதான் சட்டம் நிறைவேறிய நாளோடு நம் ஜெபமும் விழிப்பும் முடிந்துவிடுவதில்லை.

சட்டத்தின் வல்லமையை நம் நாட்டிலிருந்தே அறிந்துகொள்ளலாம். போதைப்பொருளைத் தடுக்க 1985இல் இந்தியாவில் இயற்றப்பட்ட சட்டம், புற்றுநோயாளியின் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மருந்தையும் பல அனுமதிச்சீட்டுகளுக்குள் பூட்டிவிட்டது. மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் அதை வைத்திருக்கவே அஞ்சின. 2014இல் பாராளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கியது. இடைப்பட்ட அந்த இருபத்தொன்பது ஆண்டுகளில் வலியோடே மரித்தவர்களின் படுக்கையருகே எத்தனை ஜெபங்கள் ஏறெடுக்கப்பட்டிருக்கும்! ஜெபித்த நம்மில் எத்தனைபேர் அந்தச் சட்டத்தைப்பற்றிக் கேள்விப்பட்டிருந்தோம்?

மூன்றாவது பணி, எல்லைக்கு அப்பாலுள்ள பிள்ளைகளைக்குறித்தது.

1972 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக நின்றவர் ஜார்ஜ் மெக்கவர்ன். அந்த ஆண்டு முழுவதும் அவரைக் கடுமையாகத் தாக்கிப் பேசிய எதிரணியின் தலைவர் டோல். அப்படிப்பட்ட இருவரும் செனட்டின் ஊட்டச்சத்துக் குழுவில் ஒன்றாய் உட்கார்ந்தார்கள். ஏழைகளுக்கான உணவுச்சீட்டுத் திட்டத்தில், சீட்டைப் பெறுவதற்கே முதலில் பணம் கட்டவேண்டும் என்றிருந்த விதியை 1977இல் நீக்கியதில் இருவருக்கும் பங்கு உண்டு. பல ஆண்டுகளுக்குப்பின், இருவரும் செனட்டைவிட்டு வெளியே வந்த காலத்தில், வறிய நாடுகளின் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் திட்டத்துக்காக மீண்டும் இணைந்தார்கள். 2000இல் 30 கோடி டாலரோடு முன்னோட்டமாகத் தொடங்கிய அத்திட்டம், 2002இன் வேளாண்மைச் சட்டத்தில் இருவரின் பெயரையும் தாங்கி நிலைபெற்றது. 2008இல் உலக உணவுப் பரிசு இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

பள்ளியில் உணவு கிடைத்தால் பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள். குறிப்பாகப் பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் முன்வருவார்கள் என்பதே அதன் எளிய தர்க்கம். காமராசர் காலந்தொட்டு மதிய உணவின் பயனைக் கண்டிருக்கும் நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 1954இன் சட்டமொன்றின்கீழ் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்த கோதுமையை நம்மில் மூத்தவர்கள் நினைவுகூரலாம். கன்சாஸ் கோதுமை விளையும் மாநிலம் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. உபரித் தானியத்துக்குச் சந்தை தேடும் உழவரின் நலமும், பசித்த பிள்ளையின் நலமும் ஒரே கப்பலில் ஏறின. வெளிநாட்டு உதவியில் சுயநலமும் அரசியல் கணக்கும் கலந்தே இருக்கின்றன. அந்தந்த நாட்டின் விளைபொருளை வாங்கிக்கொடுப்பதே மேல் என்ற விமர்சனத்திலும் நியாயம் உண்டு. ஆனால் தட்டில் விழுந்த உணவை உண்ட பிள்ளையின் பசி உண்மையாகவே தீர்ந்தது.

இப்போது இம்மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பள்ளிக்கு வெளியே நின்ற பிள்ளைக்கு வாக்குரிமையில்லை. ஆறு மாதத்துக்குள் மரிக்கப்போகிறவர் அடுத்த தேர்தலுக்கு இருக்கமாட்டார். ஆப்பிரிக்காவிலோ ஆசியாவிலோ பசியோடிருக்கும் சிறுமி கன்சாஸின் வாக்காளர் பட்டியலில் இல்லை. பதில் செய்ய இயலாதவர்களை விருந்துக்கு அழைக்கும்படி ஆண்டவர் லூக்கா 14இல் போதித்தார். அப்போதனையை ஒரு சட்டமியற்றுநரின் மேசைக்குக் கொண்டுவந்தால், அது இப்படித்தான் தோன்றும். அவர் முழுமையும் அதற்குக் கீழ்ப்படிந்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் செய்த இப்பணிகளை அந்த அளவுகோலால் அளக்கலாம் என்று சொல்லுகிறேன். எந்தக் கட்சியின் ஆட்சியையும் அப்படியே அளக்கலாம்.

இங்கே உங்களில் சிலர் எழுப்பும் மறுப்பு ஒன்று உண்டு, அது எளிதானதல்ல. வரியாக வசூலித்துச் சட்டத்தால் கொடுக்கப்படுவது அன்பாகுமா? உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடமல்லவா தேவன் பிரியமாயிருக்கிறார்? அரசு செய்யத் தொடங்கினால் சபையின் இரக்கம் குளிர்ந்துபோகாதா?

இதற்கு ரூத்தின் புத்தகம் விடை தருகிறது. மோவாபியப் பெண்ணாகிய ரூத், விதவையாய், பரதேசியாய், பெத்லகேமின் வயலுக்குள் கதிர் பொறுக்கப் போனபோது அவளுக்கு உறுதுணையாயிருந்தது நியாயப்பிரமாணம். போவாஸ் யாரென்று அவள் அறியாள். அவன் நல்லவனா என்றும் அறியாள். ஆனால் வயலின் ஓரம் தன்னைப் போன்றவர்களுக்கு உரியது என்ற ஒழுங்கு அந்த ஊரில் இருந்தது. அவள் உள்ளே நுழைந்தபின் போவாஸின் அன்பு வேலைசெய்யத் தொடங்கியது. அரிக்கட்டுகளிலிருந்து கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடச் சொன்னான். தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தான். தன் பந்தியில் அமர்த்தினான். சட்டம் ஓரத்தைக் கொடுத்தது. அன்பு அதற்குமேல் அள்ளிக் கொடுத்தது. சட்டம் மட்டும் இருந்திருந்தால் ரூத் பிழைத்திருப்பாள், ஆனால் தனிமையாயிருந்திருப்பாள். அன்பு மட்டும் இருந்திருந்தால், சரியான வயலைத் தேடி அவள் எத்தனை வாசல்களில் துரத்தப்பட்டிருப்பாளோ! இரண்டும் சந்தித்த அந்த வயலிலிருந்தே தாவீதின் வம்சமும், மாம்சத்தின்படி நம் மீட்பரும் வந்தார்கள். ஆகவே சட்டத்தைச் சபையின் இரக்கத்துக்குப் பகையாக எண்ணவேண்டாம். அது நம் இரக்கம் நிற்கும் தரை.

இந்தத் தரையும் தானாக வருவதில்லை. போராடியும் சிலவேளை தோற்றும் வருகிறது. 2012ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி, எண்பத்தொன்பது வயதான டோலைச் சக்கரநாற்காலியில் அமர்த்தி அவருடைய மனைவி செனட் மன்றத்துக்குள் அழைத்துவந்தார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை ஏற்கும்படி அந்த முதியவர் கேட்டுக்கொள்ள வந்திருந்தார். முன்னாள் சகாக்கள் பலர் அவரிடம் வந்து வாழ்த்தினார்கள். பின்பு வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 61, எதிர்ப்பு 38. மூன்றில் இரண்டு பங்குக்கு ஐந்து வாக்குகள் குறைந்தன, உடன்படிக்கை தோற்றது. எதிர்த்தவர்கள் எல்லாரும் அவருடைய சொந்தக் கட்சியினரே. டோல் 2021 டிசம்பர் 5ஆம் தேதி மரித்தார். அதற்குள்ளும் அமெரிக்கா அதை ஏற்கவில்லை.

நம் நாடோ அதே உடன்படிக்கையை 2007ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியே ஏற்றுக்கொண்டது. அதன் விளைவாகவே 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிறந்தது. முன்பு ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் கண்ட சட்டம், இப்போது இருபத்தொன்றைக் காண்கிறது. கணிசமான குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதுவரை இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. செனட்டில் டோலுக்கு மறுக்கப்பட்டது நம் சட்டப்புத்தகத்தில் இருக்கிறது. அதை நாம் வாசித்திருக்கிறோமா என்பதே கேள்வி.

சபையாரே, அரசியல் நமக்கு வேண்டாம் என்று சொல்லுகிறோம். ஆனால் தேர்தல் நெருங்கும்போது வேட்பாளர்கள் ஆலய வளாகத்துக்கு வருவதையும், நாம் மனுக்கள் கொடுப்பதையும் யாரும் மறுக்கமுடியாது. கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர், ஆலயத்துக்கு முன்னால் சாலை, நம் பள்ளிக்கு அனுமதி, நம் சமூகத்துக்கு ஒதுக்கீடு. இவை தேவையற்றவை என்று நான் சொல்லேன். ஆனால் இவை அனைத்தும் நம் சொந்த வயலின் நடுப்பகுதியைக்குறித்தவை. வயலின் ஓரத்தைக்குறித்து யார் கேட்பார்கள்? இந்தத் தொகுதியின் அரசுப் பள்ளிகளில் சிறப்புக் கல்வி ஆசிரியர் எத்தனைபேர் என்று கேட்போமா? அரசு மருத்துவமனையில் வலி நிவாரணப் பிரிவு இயங்குகிறதா, மார்ஃபின் இருப்பில் உள்ளதா என்று கேட்போமா? நம் மதத்தவரும் மொழியினரும் அல்லாத ஏழைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்போமா? நம்மிடம் இக்கேள்விகளைக் கேட்டுப் பழக்கப்படாத வேட்பாளர் முதலில் வியப்படைவார். இரண்டாம் தேர்தலில் பதிலோடு வருவார்.

கேட்கிற வாய்க்குத் தகுதி வேண்டும். நம் ஆலயத்தின் படிகளைச் சக்கரநாற்காலி ஏற முடியாதென்றால், முதலில் அங்கே சாய்தளம் வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளை ஓய்வுநாள் பள்ளியில் சத்தமிடுகிறான் என்று அந்தத் தாய் வீட்டிலேயே இருந்துவிட்டால், வாசலை அடைத்து நிற்கும் கூட்டம் நாம்தான். மரணப்படுக்கையில் இருப்பவருக்குத் திருவிருந்து கொடுத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பாமல், இரவு ஒருமணிநேரம் அமர்ந்து, பராமரிக்கும் மகளைச் சற்றுத் தூங்கச் சொல்லக்கூடிய தொண்டர்கள் நம் சபையில் எழும்பவேண்டும். சட்டம் செவிலியரை அனுப்பலாம். விழித்திருக்கும்படி ஆண்டவர் கேட்டது நம்மிடம்.

அரிமத்தியா ஊரான் யோசேப்பு ஓர் ஆலோசனைச் சபை உறுப்பினன். அந்தச் சபையில் அநீதி நிறைவேறியபின்பும் அவன், தன் பதவி தந்த நெருக்கத்தைப் பயன்படுத்தி, பிலாத்துவினிடத்தில் துணிந்து போய், பதில் செய்யமுடியாத ஒரு சரீரத்தைக் கேட்டான். அதிகார இடங்களில் அப்படிப்பட்டவர்கள் இன்றும் தேவை. நம் பிள்ளைகளில் சிலர் அந்த இடங்களுக்குப் போகவேண்டும் என்று ஜெபியுங்கள். போகிறவர்கள் தங்கள் வயலின் ஓரத்தை மறவாதிருக்கும்படியும் ஜெபியுங்கள்.

ஜெபிப்போம்: எளியவரின் தேவனே, வாசலை அடைத்து நிற்கும் எங்களை விலகி நிற்கச் செய்யும். சட்டம் எழுதுகிற கரங்களைத் தூய்மையாக்கும். பள்ளிக்குப் போக வழியில்லாத பிள்ளையையும், வலியோடு இரவைக் கழிக்கும் நோயாளியையும், நாங்கள் அறியாத தேசத்தில் பசித்திருக்கும் சிறுவரையும் உம்முடைய பந்திக்கு அழைக்கிறவர் நீர். அவர்களோடு அமர எங்களுக்கும் இடம் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.